கட்டத்தில் எழுதிய தாய்மொழி

ஜவ்வாது மலையில் நாங்கள் இருந்த ஊரின் கிளை அஞ்சலகம் எங்கள் வீட்டின் முன்னறையில்தான் இருந்தது. ஒரு மேசை, ஒரு சின்னத் தராசு, முத்திரைக் கட்டை, சுவரில் சிவப்புப் பெட்டி. அப்பா அதற்கு போஸ்ட் மாஸ்டர். போளூருக்குக் கீழே ஒரு சிற்றூரிலிருந்து வேலைக்காக மலையேறி வந்தவர். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம் எங்களுடையது. எத்தனை தலைமுறைக்கு முன்னால், எங்கிருந்து வந்தோம் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. அப்பாவை நாங்கள் நாயனா என்று கூப்பிடுவோம்.

தபால் பைக்காக நாயனா செலவழித்த நேரத்தைவிட விண்ணப்பங்களுக்காகச் செலவழித்த நேரம் அதிகம். சாமை விளைவிக்கிறவர்கள், புளி உலுக்குகிறவர்கள், கடுக்காய் பொறுக்குகிறவர்கள் எல்லாரும் ஒரு தாளைச் சுருட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். சாதிச் சான்றிதழுக்கு மனு, பிள்ளையை விடுதியில் சேர்க்கப் படிவம், பட்டா கேட்டுத் தாலுகா ஆபீசுக்கு ஒரு கடிதம். தபால் இலாகாவின் சொந்தப் படிவங்களில் முதல் வரி இந்தியில் இருக்கும், அதன் கீழே ஆங்கிலம். தமிழ் அச்சடித்த படிவக் கட்டு எப்போதாவது வரும், வந்த வேகத்தில் தீர்ந்துவிடும்.

ஒருநாள் ஒரு விவசாயி படிவத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கேட்டது நினைவிருக்கிறது.

"சாரு, மேல இன்னா போட்டுக்கீது?"

"மேல இருக்கறது டில்லிக்கு."

"அதுக்குக் கீழ?"

"அது மெட்ராசுக்கு."

"அப்ப எனுக்கு?"

"உனுக்குத்தான் நான் குந்திக்கினு கீறனே" என்றார் நாயனா.

அந்த ஆள் சிரித்த சிரிப்பில் வெளியே கட்டியிருந்த ஆடு மிரண்டது. அறையில் எப்போதும் இப்படி ஏதாவது ஒரு பேச்சு நடந்துகொண்டே இருக்கும். பசை வாசனை, ஈரக் கம்பளி வாசனை, அரக்கு உருகும் வாசனை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் மேசைக்குக் கீழே உட்கார்ந்து, பழுதான படிவங்களின் பின்பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதுவேன். என் பால்யம் முழுவதும் படிவங்களின் பின்பக்கத்தில்தான் இருக்கிறது.

நாயனாவுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. கட்டத்தில் கேட்டதற்கு உள்ளதைத்தான் எழுத வேண்டும். வயதைக் கூட்டச் சொன்னால் எழுத மாட்டார். "நாளைக்கு இந்தத் தாளுதான் நீயின்னு சொல்லுவான். அப்பறம் நீ வேற ஆளுன்னு எப்பிடி நிரூபிப்ப?" என்பார். படிவத்தை மடித்துக் கொடுக்கும் முன் ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டுவார். எழுதச் சொன்னவர் தலையாட்டிய பிறகுதான் கையெழுத்தோ கைநாட்டோ.

எங்கள் வீட்டில் இன்னொரு வழக்கம் இருந்தது. பேசுவது தெலுங்கு, எழுதுவது தமிழ் எழுத்து. தெலுங்கு எழுத்து எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. நாயனாவுக்கும் தெரியாது, அவருடைய அப்பாவுக்கும் தெரிந்ததில்லை. கீழே ஊரிலிருந்த தன் அக்காவுக்கு அவர் வாராவாரம் ஒரு கார்டு போடுவார். தமிழ் எழுத்தில் தெலுங்கு. "ஈட வான. சலி ஜாஸ்தி. நுவ்வு எப்புடு வஸ்தாவு?" இங்கே மழை, குளிர் அதிகம், நீ எப்போது வருகிறாய் என்று அர்த்தம். கடைக்கு எழுதும் சாமான் பட்டியலும் அப்படித்தான். உப்பு மட்டும் இரண்டு பாஷைக்கும் பொது.

ஒருமுறை கீழிருந்து சோதனைக்கு வந்த இன்ஸ்பெக்டர் தபால் பையில் கிடந்த அப்படியொரு கார்டை எடுத்துப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"யோவ், இன்னாய்யா இது? எழுத்து எல்லாம் தெரியுது, ஒரு எழவும் புரியல. மாந்திரீகம் கீந்திரீகம் பண்றியா?"

"அக்காவுக்கு எழுதனதுங்க சார்."

"இன்னா பாஷ?"

"தெலுங்குங்க."

"தெலுங்கன்னா தெலுங்குல எழுது. தமிழன்னா தமிழ்ல எழுது. இப்பிடி வேஷம் மாத்திப் போட்டா கவர்மெண்டு பயந்துக்காதா?"

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். அம்மா கொடுத்த கேழ்வரகு அடையை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஆனால் அவர் போனபிறகு நாயனா அந்தக் கார்டை நெடுநேரம் கையில் வைத்திருந்தார்.

இதைவிட அவரை உறுத்திய விஷயம் ஒன்று நடந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஒரு வாத்தியார் வந்தார். பெயர், வயது, படிப்பு எல்லாம் கேட்டார். தாய்மொழி என்ற இடம் வந்ததும் கேட்காமலே 'தமிழ்' என்று எழுதிவிட்டார்.

நாயனா, "தெலுங்குங்க" என்றார்.

"சார், இப்ப எங்கிட்ட தமிழ்லதான பேசறீங்க? பேப்பரு தமிழ்லதான படிக்கிறீங்க?"

"படிக்கறது வேற, வூட்ல பேசறது வேற சார்."

"எழுதிட்டேனே. அடிச்சா திரும்ப முழு ஷீட்டும் எழுதணும். இந்த மலையில ஒரு வூட்டுக்காக அவன் தெலுங்கு ஆபீசா தொறக்கப்போறான்? விடுங்க சார்."

நாயனா விட்டுவிட்டார். வந்தவரோடு சண்டை போடுகிற ஆள் இல்லை அவர். ஆனால் ஊருக்கெல்லாம் உள்ளதை எழுது என்று சொன்னவருடைய தாளிலேயே உள்ளது எழுதப்படவில்லை. அன்று மத்தியானம் அவர் சாப்பிடாமல் எழுந்துபோனார். எனக்குப் பத்து வயதிருக்கும்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் என் மகள். இன்னும் சரியாகச் சொன்னால், என் மகளுடைய விண்ணப்பத்தில் நான் செய்த காரியம்.

நான் மலையிலேயே ஒரு பள்ளியில் ஆசிரியை. கணவர் வேன் ஓட்டுகிறார், புளியும் மாங்காயும் சித்தூர் மண்டிக்கு எடுத்துப்போவார். அவர் குடும்பமும் தெலுங்குதான், அவரும் எங்களைப்போல எழுத்துத் தெரியாதவர். வீட்டுப் பேச்சு தெலுங்கில்தான், இங்கே அதைத் தமிழாக்கி எழுதுகிறேன். ஒரே மகள். தமிழ் வழியில் படித்தாள், கல்லூரியும் முடித்தாள். மூன்று வருடங்களாக ஒரு மத்திய அரசு வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். போன வருடம் அவளுக்கு இருபத்தைந்து முடிந்திருந்தது. அந்த வேலைக்கு வயது வரம்பு இருக்கிறது. அந்தத் தேர்வும் அதற்கு அடுத்த ஒரு தேர்வும்தான் அவளுக்கு மிச்சம். முந்தைய முறை சொற்ப மதிப்பெண்ணில் தவறவிட்டிருந்தாள். இந்த முறை கிடைத்துவிடும் என்று நாங்கள் எல்லாரும் நம்பினோம். அவளுக்குப் பயிற்சி கொடுத்தவர்களும் நம்பினார்கள்.

விண்ணப்பிக்கக் கடைசி நாளன்று அவளுக்குக் கடுமையான காய்ச்சல். கண்ணைத் திறக்க முடியவில்லை. முந்தின நாளே ஒரு தாளில் எல்லா விவரமும் எழுதி வைத்திருந்தாள். பதிவெண், சான்றிதழ் எண்கள், தேர்வு மையம் வேலூர். தாளை என்னிடம் கொடுத்து, "அம்மா, நீயே போட்டுடு. உன்னவிட யாரு கரெக்டா போடுவாங்க?" என்றாள். அது உண்மைதான். எங்கள் பள்ளியில் எந்தப் பெற்றோருக்கு எந்தப் படிவம் என்றாலும் என்னிடம்தான் வருவார்கள்.

எங்கள் ஊரில் பள்ளிக்கூட மொட்டை மாடியில்தான் சிக்னல் நிற்கும். மதிய உணவு இடைவேளையில் போனை எடுத்துக்கொண்டு மேலே போனேன். படிவம் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. ஒவ்வொரு கட்டமாக நிரப்பினேன். பாதியில் தாய்மொழி என்று ஒரு கட்டம் வந்தது. தொட்டதும் மொழிகளின் பட்டியல் ஒன்று இறங்கியது. அதில் தெலுங்கு இருந்தது.

அந்த நொடியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நாற்பத்தெட்டு வயதில் முதல்முறையாக ஓர் அரசுத் தாள் என்னிடம் தானாகக் கேட்கிறது, உன் பாஷை எது என்று. கேட்டுவிட்டு என் பதிலையும் தயாராக வைத்திருக்கிறது. அடிக்க வேண்டாம், கெஞ்ச வேண்டாம், தொட்டால் போதும். தொட்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த கட்டம், வினாத்தாள் ஆங்கிலத்தோடு வேறு எந்த மொழியில் வேண்டும் என்று கேட்டது. அதே பட்டியல். மகளின் தாளில் இந்தக் கட்டத்துக்குப் பதில் இல்லை. தமிழ் என்பது எழுதிக் கொடுக்க வேண்டிய விவரம் என்றே அவளுக்குத் தோன்றியிருக்காது. இரண்டு கேள்வியும் ஒன்றுதான் என்று எனக்குப் பட்டது. முதலில் எதைச் சொன்னேனோ அதையே இரண்டாவதிலும் சொன்னால்தானே சரி? மாற்றிச் சொன்னால் பொய் ஆகிவிடாதா? கலங்கிய கண்ணோடு இரண்டாவதிலும் தெலுங்கைத் தொட்டேன். மணி அடித்தது. அனுப்பிவிட்டுக் கீழே இறங்கி ஐந்தாம் வகுப்புக்குப் போனேன். அன்று பிற்பகல் பிள்ளைகளிடம் நான் ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன்.

அனுமதிச் சீட்டு தேர்வுக்குப் பன்னிரண்டு நாளைக்கு முன்னால்தான் வந்தது. மகள்தான் பார்த்தாள். சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா. தெலுங்குன்னு போட்டுக்குது."

"ஆமா. நம்ம பாஷதான?"

"கொஸ்டின் பேப்பரும்மா."

எனக்கு அடுப்பில் இருந்ததை இறக்கக்கூடத் தோன்றவில்லை. வீட்டில் ஒரு எழுத்துக்கூடத் தெரியாத மொழியை என் மகளின் வாழ்க்கைக்கு நான் தேர்ந்தெடுத்திருக்கிறேன் என்பது மெதுவாகத்தான் உறைத்தது.

உதவி எண்ணுக்கு அழைத்தோம். ஆங்கிலத்துக்கு ஒன்று, இந்திக்கு இரண்டு என்றது பதிவான குரல். ஒன்றை அமுக்கினேன். நெடுநேரம் கழித்து ஒரு பையனின் குரல் வந்தது. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னேன். திருத்தம் செய்ய ஒதுக்கிய நாட்கள் முடிந்துவிட்டன என்றான். பிறகு அவனே, "மேடம், உங்கள் தாய்மொழியும் தெலுங்கு என்றுதானே இருக்கிறது? இதில் பிழை எங்கே?" என்று கேட்டான்.

"எங்களுக்கு அதைப் படிக்கத் தெரியாது."

"பேசுவீர்கள்?"

"பேசுவோம்."

"ஆனால் படிக்கத் தெரியாது."

"தெரியாது."

அவன் கிண்டல் செய்யவில்லை. "எனக்கும் என் வீட்டு பாஷை எழுத வராது மேடம்" என்றான் தணிந்த குரலில். அது எந்த பாஷை என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. திரும்பவும் விதியைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

மறுநாள் சித்தூருக்கு லோடு எடுத்துப்போன கணவர் வரும்போது குழந்தைகளுக்கான எழுத்து அட்டை ஒன்றும், முதல் வகுப்புப் புத்தகம் ஒன்றும் வாங்கி வந்தார். சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வந்தார், ஏதோ சாராயம் மாதிரி.

"கடக்காரன் பாப்பாவுக்கு எத்தன வயசுன்னு கேட்டான். இருபத்தஞ்சுன்னா சிரிப்பானேன்னு நாலுன்னுட்டேன்" என்றார்.

"நாலு வயசுப் புள்ள மாதிரிதான சண்ட போடறேன், சரிதான்" என்றாள் மகள். அனுமதிச் சீட்டு வந்த பிறகு அவள் முதலில் சொன்ன வேடிக்கை அதுதான்.

மூன்று பேரும் உட்கார்ந்து படித்தோம். அந்தப் பன்னிரண்டு நாட்கள் பயத்தில் கழிந்தவை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனாலும் அவற்றை நினைத்தால் இன்று எனக்கு ஏக்கமாக இருக்கிறது, அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அட்டையில் முதல் படம் அம்மா. இரண்டாவது படம் பசு, அதன் கீழே இரண்டு கிறுக்கல். மகள் எழுத்தெழுத்தாகக் கூட்டி, "ஆ... வு. ஆவு!" என்று கத்தினாள். வீட்டில் தினமும் சொல்கிற சொல். அதற்கு ஒரு முகம் இருக்கிறது என்பது அதுவரை எங்களுக்குத் தெரியாது. கணவர் அந்தச் சொல்லை விரலால் தடவிப் பார்த்தார். வட்ட வட்டமான எழுத்துகள், பலவற்றின் தலையில் ஒரு சின்ன டிக். வாத்தியார் 'சரி' போட்ட மாதிரியே இருக்கிறது என்றார். எனக்கு முன்னறை மேசையும் அந்தக் கார்டுகளும் நினைவுக்கு வந்தன. ஒரு அட்டை போதும், நாயனா ஒரு மாதத்தில் கற்றிருப்பார். அவர் மேசைக்கு எத்தனையோ தாள் வந்தது, அது மட்டும் வரவில்லை.

ஐந்தாம் நாள் மாதிரி வினாத்தாளை எடுத்தோம். அங்கேதான் இன்னொரு சுவர். எழுத்துக் கூட்டிப் படித்த பிறகும் சொல் புரியவில்லை. 'நிஷ்பத்தி' என்று ஒரு சொல் கணக்குப் பகுதியில் திரும்பத் திரும்ப வந்தது. எங்கள் மூவருக்கும் தெரியவில்லை.

"ஏதோ கஷாயம் பேரு மாதிரி கீது" என்றார் கணவர்.

விகிதம் என்று ஆங்கிலத்தை வைத்துக் கண்டுபிடித்தோம். நாங்கள் பேசுவது அடுப்படியிலும் வேனிலும் மண்டியிலும் வளர்ந்த தெலுங்கு. வினாத்தாளில் இருந்தது பள்ளிக்கூடம் போய் வந்த தெலுங்கு. இரண்டும் ஒரே தெருவில் எதிர்ப்பட்டால் யாரோ என்று போய்விடும். பத்தாம் நாள் மகள் ஒரு வரியை ஒரு நிமிடத்தில் படித்தாள். தேர்வில் ஒரு கேள்விக்கே அவ்வளவு நேரம் கிடையாது. புத்தகத்தை மூடிவிட்டு, "இங்கிலீஷ்லயே பாத்துக்கறேன்மா" என்றாள்.

வேலூரில் மையத்துக்கு வெளியே ஒரு புங்க மரத்தடியில் மற்றப் பெற்றோர்களோடு நின்றேன். பக்கத்தில் ஒரு அம்மா, "உங்க பொண்ணு தமிழா, இங்கிலீஷா?" என்று கேட்டார். நான் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தேன்.

அவள் வெளியே வந்ததும் என் முகத்தைப் பார்த்து முந்திக்கொண்டாள்.

"கணக்கு போட்டுட்டேன். பொது அறிவு பரவால்ல. பத்தி படிச்சு பதில் சொல்றதுதான் டைம் பத்தல."

"தெலுங்கு?"

"அது பாட்டுக்குக் கீழ இருந்துச்சு." பிறகு, பேருந்து நிலையம் வரும்வரை நடந்து, நின்று, சிரித்தாள். "ஒரு கேள்விம்மா. செசமின்னு போட்டிருந்தான். செசமின்னா இன்னான்னு சத்தியமா தெரியல. கீழ பாத்தேன். நுவ்வுலு!"

நுவ்வுலு என்றால் எள். வீட்டில் அதற்கு வேறு சொல் கிடையாது.

"உள்ளயே சிரிச்சிட்டேன். அந்த மேடம் மொறைச்சாங்க. அது ஒண்ணுதாம்மா. ஆனா அது ஒண்ணு கரெக்ட்டு."

போளூர் பேருந்தில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். அந்த ஒரு கேள்வியை நினைத்து நான் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பட்டியலில் அவள் எண் வரவில்லை. மூன்று முறை தேடினோம். அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. கணவர்தான் ஒருநாள், "காய்ச்ச வந்ததுக்கு யார திட்றது? விடு" என்றார். விடத் தெரியவில்லை. பள்ளியில் யாராவது படிவத்தை நீட்டினால் இப்போதெல்லாம் பெற்றோரிடம் ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டு முறை கேட்கிறேன். தாய்மொழி என்ற கட்டத்தில், "பேசறதா, படிக்கறதா?" என்று நான் கேட்பதைப் பார்த்து அவர்கள் விழிக்கிறார்கள். "இன்னா டீச்சர், நமக்கு எல்லாம் ஒண்ணுதான" என்கிறார்கள். அவர்களுக்கு ஒன்றுதான். அது எவ்வளவு பெரிய வசதி என்று அவர்களுக்குத் தெரியாது.

தெலுங்கை நான் குற்றம் சொல்லவில்லை. பட்டியலில் அதைச் சேர்த்தவர்களையும் சொல்லவில்லை. அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. எங்களைப்போல ஒரு மொழியில் வாழ்ந்து இன்னொன்றில் எழுதுகிறவர்கள் இருப்பார்கள் என்று கேட்டவர்களுக்குத் தோன்றவில்லை. பதில் சொன்ன எனக்கும் அந்த நிமிடத்தில் தோன்றவில்லை.

இந்த மாதம் மறுபடி விண்ணப்பம் வந்தது. அவளுக்கு இதுதான் கடைசி. நேற்று ஞாயிற்றுக்கிழமை, பள்ளி மாடிச் சாவியை வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் மேலே போனோம். வெயில் நல்ல வெயில். அவள் துப்பட்டாவைப் போன்மேல் குடையாகப் பிடித்துக்கொண்டு தானே நிரப்பினாள். நான் எதையும் தொடவில்லை. தாய்மொழிக் கட்டம் வந்தபோது அவள் என்னைக் கேட்கவில்லை, தெலுங்கு என்று போட்டாள். அடுத்த கட்டத்தில் தமிழ் என்று போட்டாள். அந்த இரண்டு சொற்களும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் திரையில் நின்றன, சண்டையில்லாமல்.

கடைசிப் பக்கம் வந்தது. எல்லா விவரமும் ஒரே நீளப் பட்டியலாக நின்றது, கீழே அனுப்பு என்ற பச்சைப் பொத்தான். இதற்குமேல் திருத்த முடியாது என்று சிவப்பில் ஒரு வரி.

"எல்லாம் பாத்துட்ட இல்ல? அமுக்கட்டா?" என்றாள்.

நான் அந்தச் சிவப்பு வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன்.

"அம்மா, சார்ஜு போயிடும்."

"மேலருந்து இன்னொரு தடவ காட்டு" என்றேன்.

அவள் பெருமூச்சு விட்டு, என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, பட்டியலை மெதுவாக மேலே தள்ளினாள்.